யார் எண்ணினது?

மே மாதம் பிறந்தால் போதும், எனக்கு மெயில் வர ஆரம்பித்துவிடும். பி.எஸ்ஸி. விலங்கியல், உயிர்வேதியியல், சில சமயம் பி.டெக். பயோடெக் முடித்த பிள்ளைகள். மூளையைப் பற்றிப் படிக்க ஆசை, சென்னையில் எந்தத் துறையில் சேரலாம், அங்கே என்னென்ன மெஷின் இருக்கிறது என்று கேட்பார்கள். கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் உண்டா, பேட்ச் கிளாம்ப் உண்டா, எம்.ஆர்.ஐ. கிடைக்குமா. துறைகள் போட்டிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வரும் கேள்விகள். தப்பே இல்லை, நானும் அப்படிப் பார்த்துத்தான் சேர்ந்தேன். ஆனால் இந்த ஊரிலேயே ஒரு நியூரோசயின்ஸ் துறையில் பிஎச்.டி. முடித்து, இப்போது பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிற நிலையில், என்னைக் கேட்டால் மெஷினைக் கடைசியாக விசாரிக்கச் சொல்வேன். அந்தத் துறையில் ஒருவர் தன் முடிவைக் கொண்டுவந்து காட்டும்போது மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

எங்கள் துறையில் வெள்ளிக்கிழமை மதியம் லேப் மீட்டிங். யார் எந்த கிராஃபைக் காட்டினாலும் லேபை நடத்தும் மேடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாரு எண்ணினது?"

எங்கள் துறை இருக்கும் தரமணிப் பக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பறக்கும் ரயிலில் இறங்கினால் ஒரு பக்கம் ஐ.டி. கம்பெனிகள், சிக்னலில் கம்பெனி பஸ்கள். இன்னொரு பக்கம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுகலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம், கணித அறிவியல் நிறுவனம், பாலிடெக்னிக், வி.எச்.எஸ். மருத்துவமனை. கொஞ்சம் தள்ளி ஐ.ஐ.டி. வளாகம். அங்கே இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கருவிலிருக்கும் சிசுக்களின் மூளைப் படங்களை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. ஐந்து சிசு மூளைகள், 5,132 செக்ஷன்கள், அதாவது மெல்லிய சீவல்கள். ஒரு ஷேர் ஆட்டோ சவாரிக்குள் மூளையை இத்தனை விதமாகப் பார்க்கும் ஆட்கள் இருக்கும் இடம் நம் நாட்டில் அதிகம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இவர்கள் ஒரே டீக்கடையில் நின்றும் பேசிக்கொள்வதில்லை என்பது தனிக்கதை.

இந்த ஊரில் மூளை ஆராய்ச்சி ஆஸ்பத்திரி வழியாகத்தான் வந்தது. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி, 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி என்று நரம்பு அறுவை சிகிச்சை தொடங்கியது. 1951-இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் உருவானபோது நிறுவியவர்கள் நான்கே பேர்: இவர்கள் இருவர், பல்தேவ் சிங், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் நிபுணரான எஸ்.டி. நரசிம்மன். எலியையும் செல்லையும் வைத்துச் செய்யும் அடிப்படை ஆராய்ச்சி உடலியங்கியல், உடற்கூறியல், மருந்தியல் துறைகளுக்குள் மெல்ல மெல்ல வளர்ந்தது. 'நியூரோசயின்ஸ்' என்று வாசலில் போர்டு மாட்டும் பழக்கம் புதுசு. அதனால் உங்களுக்கு வகுப்பெடுப்பவரின் சொந்தப் பட்டம் உடலியங்கியலாகவோ விலங்கியலாகவோ இருக்கலாம். அதைக் குறையாக நினைக்காதீர்கள். எனக்குக் கிடைத்த நல்ல ஆசிரியர்களில் பாதிப் பேர் நியூரோசயின்ஸ் பட்டம் வாங்காதவர்கள்.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்?

முதல் பல மாதங்களுக்கு மூளையைப் பற்றி ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். கரைசல் காய்ச்சுவீர்கள். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு என்று ஒன்று உண்டு, மூளை அழுகாமல் கெட்டியாக நிற்க வைப்பது. பொடியைத் தண்ணீரில் போட்டு 60 டிகிரி வரை சூடாக்கினால் வெள்ளையாகக் கலங்கி நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட, ஒரு கட்டத்தில் சட்டென்று தெளியும். வடிகட்டி, பி.எச். 7.4-க்குக் கொண்டுவர வேண்டும். 60-ஐத் தாண்டிச் சூடு ஏறிவிட்டால் கொட்டிவிட்டு முதலிலிருந்து. அப்புறம் மயக்கத்தில் இருக்கும் எலியின் இதயம் வழியாக முதலில் உப்புநீர், பிறகு இந்தக் கரைசல். ரத்தம் சரியாக வெளியேறுகிறதா என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் கிடையாது, கல்லீரலைத்தான் பார்க்க வேண்டும். அது வெளுத்துக்கொண்டே வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். இதைச் செய்ய மனம் ஒப்பாதவர்கள் உண்டு. முதல் வருஷத்திலேயே கணினி வழி ஆராய்ச்சிக்கோ மனிதர்களை வைத்துச் செய்யும் ஈ.ஈ.ஜி.க்கோ மாறிக்கொள்வார்கள். அவர்களைக் கோழை என்று பேசும் சீனியர்கள் இருக்கும் லேபைத் தவிர்த்துவிடுங்கள்.

எலியின் மூளை சுமார் 2 கிராம்தான். அதை உறைய வைத்து, மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் கிரையோஸ்டாட்டில் 40 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும், தலைமுடியைவிட மெல்லிசாக. சீவியதைச் சின்ன ஓவிய பிரஷ்ஷால் எடுத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரிசை மாறாமல் குழித்தட்டில் போட வேண்டும். பிறகு ஜெலட்டின் பூசிய ஸ்லைடில் ஏற்றி, கிரெசில் வயலெட் சாயம், ஆல்கஹால், சைலீன். மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சையும் பிடித்துக்கொண்டு ஒரு செக்ஷனைச் சுருக்கமில்லாமல் ஸ்லைடில் விரிக்கும் கலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சீனியர் அக்கா. "அவசரப்படாத, அதுவா வந்து படுக்கும்" என்பார். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் 'செக்ஷன்கள் ஸ்லைடில் ஏற்றப்பட்டன' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

விலங்கு அறையின் சட்டங்கள் வேறு. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. எலியைத் தினமும் கையில் எடுத்துப் பழக்குபவரே நடத்தைச் சோதனையையும் செய்ய வேண்டும், அதே நேரத்தில். சென்ட் கூடாது, தலையில் மல்லிகைப்பூ கூடாது. பூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகும் பெண்களைப் பார்த்துச் சிரித்த பையன்களுக்கு 2014-இல் பதில் வந்தது: ஆண்களின் வாடையே, அவர்கள் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டே, எலிகளுக்கு மன அழுத்தம் உண்டாக்கி அவற்றின் வலி உணர்வைக் குறைத்துக் காட்டுகிறது என்று ஓர் ஆய்வு சொன்னது. அதற்கப்புறம் எங்கள் லேப் நோட்டுகளில் சோதனை செய்தவர் ஆணா பெண்ணா என்றும் எழுத ஆரம்பித்தோம்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். ஏனென்றால் பயிற்சி என்று நான் மதிப்பது உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப்பகுதி ஹிப்போகேம்பஸ். ஒரு மருந்து அங்கே நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், சாவதைத் தடுக்கிறதா என்று கேள்வி. எல்லா செக்ஷனையும் எண்ண முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நடுவிலிருந்து அழகாக இருக்கும் ஒரு செக்ஷனை எடுத்து எண்ணிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சோறு அடியிலும் மேலேயும் கிட்டத்தட்ட ஒன்றாக வேகும். மூளை அப்படியில்லை, ஹிப்போகேம்பஸின் முன்பகுதியும் பின்பகுதியும் வேறு வேறு. அதனால் ஒவ்வொரு 6-வது செக்ஷனையும் எடுக்க வேண்டும், முதல் ஆறில் எதிலிருந்து தொடங்குவது என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. எங்கள் மைக்ராஸ்கோப் பக்கத்தில் ஒரு லூடோ பகடை இருக்கும். உருட்டி என்ன விழுகிறதோ அதுதான் தொடக்கம். ஆடிட் வந்த ஒருவர் அதைப் பார்த்து முறைத்தார்.

திரையில் ஒரு சதுரம் தெரியும். இரண்டு பக்கம் பச்சைக் கோடு, இரண்டு பக்கம் சிவப்பு. பச்சையைத் தொடும் செல்லைச் சேர்க்க வேண்டும், சிவப்பைத் தொட்டால் விட்டுவிட வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும் இந்த விதி இல்லையென்றால் ஓரத்தில் இருக்கும் செல்லைப் பக்கத்துச் சதுரத்திலும் இன்னொரு தடவை எண்ணிவிடுவோம். ஆழத்திலும் இதே சிக்கல் உண்டு. பெரிய செல் இரண்டு செக்ஷன்களில் வெட்டுப்படும் வாய்ப்பு அதிகம், ஆகவே இரண்டு முறை எண்ணப்படும் வாய்ப்பும் அதிகம். நீங்கள் கொடுத்த மருந்து செல்லைக் கொஞ்சம் வீங்க வைத்தாலே போதும், நியூரான் எண்ணிக்கை கூடிவிட்டது என்று காகிதம் சொல்லும். மருந்து யாரையும் காப்பாற்றியிருக்காது.

அப்புறம் ஆசை என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர் லேப்களில் வல்லாரை, நீர்ப்பிரமி போன்ற மூலிகைகளைச் சோதிப்பது வழக்கம். வல்லாரைத் துவையல் சாப்பிட்டால் ஞாபகசக்தி வரும் என்று பரீட்சை நேரத்தில் ஊட்டி வளர்க்கப்பட்ட நாமேதான் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து எண்ணவும் போகிறோம். மங்கலாக ஒரு செல் தெரிகிறது, உயிரோடு இருந்ததா செத்ததா என்று சந்தேகம். மருந்து கொடுத்த எலி என்று தெரிந்தால் கண் எந்தப் பக்கம் சாயும்? நேர்மையானவருக்கும் சாயும். அதனால் ஸ்லைடுகளின் பெயரை வேறொருவர் மறைத்து எண் ஒட்டுவார். எந்த எண் எந்த எலி என்ற தாள் ஒரு பழுப்பு உறையில் மேடத்தின் பீரோவுக்குள் போய்விடும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி முடித்து, இரண்டு தாளும் ஒப்பிட்ட பிறகுதான் உறை பிரியும். "யாரு எண்ணினது?" என்ற கேள்விக்கு "நான்தான் மேடம், எல்லாமே நானே" என்று பெருமையாகச் சொன்னால் அந்த கிராஃப் அன்றைக்கு நகராது.

அடுத்த கேள்வி 'என்' எவ்வளவு, அதாவது எத்தனை மாதிரிகளை வைத்துச் சொல்கிறாய் என்பது. ஒரு சீனியர் அருமையான கிராஃப் கொண்டுவந்திருந்தார், கீழே 'என் = 180' என்று போட்டு.

"நூத்தியெண்பது எலியா?"

"இல்ல மேடம், செல்."

"எலி எத்தனை?"

"மூணு."

"அப்போ என் மூணுதான்."

மருந்து போனது எலிக்கு, செல்லுக்கு இல்லை. ஒரே எலியின் அறுபது செல்கள் ஒரே வீட்டுக்காரர்கள், தனித்தனி சாட்சிகளாக அவர்களை எண்ணக் கூடாது. அறை முழுக்க அமைதி. சீனியர் முகம் சுருங்கிவிட்டது, ஆனால் அவர் கட்டுரை பின்னால் நன்றாகவே வந்தது.

இதெல்லாம் தரமணிப் பிள்ளைகள் மட்டும் சறுக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு குழுவில் விளைவு தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை, ஆகவே இரண்டும் வேறு என்று சொல்வது புள்ளியியலில் தவறு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தையே நேராகச் சோதிக்க வேண்டும். 2011-இல் மூன்று ஆய்வாளர்கள், முன்னணிப் பத்திரிகைகள் ஐந்தில் வந்த 513 நியூரோசயின்ஸ் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். இந்த ஒப்பீடு தேவைப்பட்ட 157-இல் சரியாகச் செய்தது 78, தவறாகச் செய்தது 79. வெளியான கட்டுரைகளைப் படித்து அலசும் எங்கள் ஜர்னல் கிளப்பில் மேடம் அதை வைத்தார். யாரும் போண்டா பக்கமே போகவில்லை.

பாடப்புத்தகமே இதற்குத் தப்பவில்லை. மனித மூளையில் 10,000 கோடி நியூரான், அதற்குப் பத்து மடங்கு கிளியா என்ற துணை செல் என்று நானும் மனப்பாடம் செய்தவன்தான். யார் எண்ணினது என்று தேடிப்போனால் தெளிவாக ஒருவரையும் காட்ட முடியாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2009-இல்தான் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹௌசெல் குழுவினர் நான்கு ஆண்களின் மூளைகளைக் கரைத்துத் திரவமாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணினார்கள். சுமார் 8,600 கோடி நியூரான், மற்ற செல்களும் ஏறக்குறைய அதே அளவு. பத்து மடங்கு என்ற கணக்கு காணாமல் போனது. அந்த 8,600 கோடியில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

மெஷின் மோகம் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் இன்னொரு கதை செத்த மீன் கதை. அமெரிக்காவில் சிலர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று அதனிடம் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், மீனின் மூளையில் சில இடங்கள் 'வேலை செய்வதாக' வந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபலை 2012-இல் கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிதான்.

எங்கள் துறையை எனக்குக் குறை சொல்லவும் தெரியும். அதில் பெரியது 'ஆறு' என்ற எண். நம் ஊரில் எலி ஆராய்ச்சி என்றால் ஒரு குழுவுக்கு ஆறு எலி. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஏன் ஆறு என்று கேட்டாள். "எல்லாரும் ஆறுதாம்மா போடுறாங்க" என்றார் ஒரு பேராசிரியர். விலங்கு நெறிமுறைக் குழுவும் அந்த எண்ணைப் பார்த்துப் பழகிப்போய்க் கையெழுத்துப் போடும். கூடுதலாகக் கேட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு குழுக்களுக்கு இடையே 'பெரிய' விளைவு என்று புள்ளியியல் புத்தகம் சொல்லும் 0.8 அளவைப் பத்தில் எட்டு முறை பிடிக்க வேண்டுமென்றால் குழுவுக்கு 26 வேண்டும். ஆறை வைத்து நம்பகமாகப் பிடிக்கக்கூடியது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான ராட்சச வித்தியாசங்களை மட்டும்தான். உலக அளவிலும் இதே கதி. 2013-இல் வந்த ஓர் அலசல், நியூரோசயின்ஸ் ஆய்வுகளின் இந்தப் பிடிக்கும் திறன் நடுமதிப்பில் சுமார் 21 சதவீதம் என்றது. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிய கொள்கை விலங்குகளைக் குறைக்கச் சொல்கிறது, சரிதான். ஆனால் ஒன்றுமே சொல்ல முடியாத சோதனையில் ஆறு எலியைக் கொல்வது குறைப்பு இல்லை, அந்த ஆறும் வீண். இதை நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டு 14 வாங்கிய மாணவர்களும் உண்டு. கேட்டால் கிடைக்கும். கேட்கச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000, இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கிடைக்காதவர்கள் ப்ராஜெக்ட் சம்பளத்தில் ஓட்ட வேண்டும், அது மாதாமாதம் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆன்டிபாடி ஒரு சின்னக் குப்பி வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் எலிக்கு வயதாகிவிடும். கரண்ட் இன்னொரு கவலை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மைனஸ் 80 ஃப்ரீசர் பக்கத்தில் படுத்திருந்த பசங்களை எனக்குத் தெரியும். ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஓடியவர்களின் பெயரை எந்தக் கட்டுரையின் நன்றிப் பகுதியிலும் நான் பார்க்கவில்லை.

இதைவிட எனக்கு ஆறாத மனக்குறை வேறு. அல்சைமர் பற்றி ஆறு வருஷம் எலியில் வேலை செய்த ஒருவர், அல்சைமர் வந்த ஒரு மனிதரைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடிகிறது. ஆஸ்பத்திரி வழியாக வந்த துறை என்று மேலே சொன்னேனே, அந்த வழி இப்போது நடுவில் அடைத்துக்கிடக்கிறது. வி.எச்.எஸ்.ஸும் லேபும் நடக்கும் தூரத்தில். ஆனால் மருத்துவருக்கு நேரமில்லை, மாணவருக்கு அனுமதியில்லை. எங்கள் மேடம் தெரிந்த நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் பேசி, சில சனிக்கிழமைகளில் ஞாபக மறதி கிளினிக்கில் ஓரமாக உட்கார வைத்தார். ஒரு பெரியவர் வந்திருந்தார். மனைவியின் பெயர் வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் வந்தோம், டிக்கெட் எவ்வளவு என்று நடத்துநர் மாதிரி சொன்னார். வருஷக்கணக்காக அந்த ரூட்டில் வேலைக்குப் போனவராம். டிக்கெட் விலை மட்டும் பழைய விலை. எந்த ஞாபகம் முதலில் போகும், எது தங்கும் என்பதைப் பற்றி ஜர்னல் கிளப்பில் அதுவரை பேசியதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் புரிய ஆரம்பித்தது. ஞாபகத்தைச் சோதிக்க, தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை எலி எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறது என்று அளப்பதற்கும் இந்தப் பெரியவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்தது.

வி.எஸ். ராமச்சந்திரன் ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, கேம்பிரிட்ஜ் போய் ஆராய்ச்சியாளர் ஆனவர். கை வெட்டப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும் சிக்கலுக்கு, 1990களில் ஒரு அட்டைப்பெட்டியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்து அவர் வழி தேடியதை மெஷின் கேட்கும் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். நோயாளி முன்னால் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டதால் வந்த யோசனை அது. முழுக் கதையையும் சொல்ல வேண்டும்: முதலில் அவர் சோதித்தது சில பேரிடம்தான், பின்னால் கட்டுப்பாட்டுடன் செய்த சோதனைகளில் முடிவுகள் கலந்து கலந்து வந்திருக்கின்றன. யோசனை அழகாக இருந்தாலும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஆகவே சேர்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் சேர நினைக்கும் துறையின் பெயரைப் போட்டு, கடைசியாக வந்த நாலைந்தை இறக்குங்கள். முன்னுரையைப் படிக்காதீர்கள், எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கும். செய்முறை அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். குழுவுக்கு எத்தனை விலங்கு, அந்த எண் எப்படி வந்தது, எந்த எலி எந்தக் குழு என்பதை யார் எப்படி முடிவு செய்தார்கள், எண்ணியவருக்குக் குழு தெரியுமா தெரியாதா என்று பாருங்கள். நாலில் ஒன்றிலாவது இதெல்லாம் எழுதியிருந்தால் அந்த மாணவரின் கைடு யார் என்று குறித்துக்கொண்டு, ஒரு மெயில் போட்டு, லேப் மீட்டிங் நடக்கும் நாளில் பின்வரிசையில் உட்காரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். டீயும் கிடைக்கும்.